படகின் அடிவயிறு

படகு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். எத்தனை எச்.பி., எவ்வளவு வேகம், லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்கள். அடுத்து நிறம், நிழல்கூரை, இருக்கை. படகைக் கவிழ்த்துப் போட்டு அடியைக் காட்டுங்கள் என்று கேட்கிறவரைக் காண்பது அரிது. இன்ஜின் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு வேறொன்று மாட்டலாம். அடி ஒத்துவரவில்லை என்றால் படகையே மாற்ற வேண்டும். அதனால்தான் இன்ஜினுக்கு முன்னால் இந்த அத்தியாயத்தை வைத்திருக்கிறேன்.

இங்கே பேசுவது 15 அடியிலிருந்து 32 அடி வரையுள்ள திறந்த விசைப்படகுகளைப் பற்றி. மீன்பிடிக்கப் போகிறவர், சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவர், ஒருகாலத்தில் முத்துக்குளித்த கடலில் பவளப்பாறை ஆய்வுக்குப் போகிறவர் என்று யார் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் படகு எந்தக் கரையிலிருந்து இறங்கி எந்தக் கரையில் ஏறப்போகிறது? துறைமுகத்தில் கட்டப்போகும் படகும் திறந்த மணற்கரையில் அலையைத் தாண்டி ஏற வேண்டிய படகும் ஒன்றாக இருக்க முடியாது. நடுக்கடலில் எப்படி ஓடும் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பிளப்பதும் ஏறுவதும்

மெதுவாகப் போகும் எந்தப் படகும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் போகிறது. அணியத்தில் ஓர் அலை எழும்பும், பின்னால் ஓர் அலை எழும்பும். வேகம் கூடக் கூட இரண்டு முகடுகளுக்கும் நடுவே உள்ள தூரமும் கூடும். அந்தத் தூரம் படகின் நீர்மட்ட நீளத்தை எட்டும்போது, படகு தான் எழுப்பிய அலைகளின் நடுப்பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதற்குமேல் திராட்டிலைத் திருகினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். எண்ணெய் கரையும், வேகம் ஏறாது. இந்த எல்லையைக் கணக்கிடுவது எளிது. நீர்மட்ட நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்குங்கள். நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 7 மீட்டருக்கு ஏறக்குறைய 6.4 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். 9 மீட்டருக்கு 7.3 நாட்.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படகை நீளமாகவும் ஒல்லியாகவும் கட்டுவது. ஒல்லியான உடல் எழுப்பும் அலை சிறியது, அதனால் பள்ளமும் ஆழமாக இருக்காது. நம் வள்ளங்களும் அவற்றின் சாயலில் வந்த ஃபைபர் படகுகளும் 10 எச்.பி. இன்ஜினோடு இந்த எல்லையைத் தாண்டி ஓடுவது இப்படித்தான். இரண்டாவது வழி, அடியைத் தட்டையாகவோ சரிவாகவோ செய்து, அடியும் பக்கமும் சேரும் விளிம்பைக் கூராக விட்டு, பலமான இன்ஜினை மாட்டிப் படகைத் தண்ணீர்மேல் ஏற்றிவிடுவது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதல்லவா, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

ஏறி ஓடும் படகுக்குச் சுமைதான் எதிரி. காலிப் படகில் இரண்டு பேர் போகும்போது அம்பாகப் பறந்த அதே படகு, வலை, ஐஸ் பெட்டி, ஐந்து ஆட்கள், எண்ணெய் கேன் எல்லாம் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஏறவும் முடியாமல் பிளக்கவும் முடியாமல் உழப்பிக்கொண்டே போகும். எண்ணெய் மிக வேகமாகத் தீர்வது அந்த நடுநிலையில்தான். தினமும் சுமையோடு திரும்பப்போகிறவருக்கு மணிக்கு 12 கிலோமீட்டர் போதும் என்றால், பிளந்து ஓடும் ஒல்லிப் படகைவிடச் சிக்கனமானது வேறு இல்லை.

இந்த வகையில் உருண்டை அடிகொண்ட பழைய மரவள்ளங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அலையில் மெத்தென்று ஏறி இறங்கும், அறையாது. நிற்கும்போது தொட்டில்போல் ஆடும் என்பது உண்மை. பழகாதவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அடியின் நடுவே ஓடும் ஏராக்கட்டை படகை நேராகப் பிடித்துக்கொள்ளும், காற்று பக்கவாட்டில் அடித்தால் சறுக்கவிடாது. இப்போது வாங்கும் ஃபைபர் படகில் அந்த ஏராவை வெறும் கோடுபோல் இழைத்துவிட்டிருந்தால், கச்சான் காற்றில் நீங்கள் ஓர் ஊரை நோக்கி ஓட்ட, படகு அடுத்த ஊரில் போய்ச் சேரும்.

தட்டை அடி

செய்வதற்கு மிக எளிதான, மிக மலிவான அடி இதுதான். முழங்கால் தண்ணீரிலேயே மிதக்கும். நிற்கும்போது ஆடாது, இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று வலை இழுத்தாலும் கொஞ்சம்தான் சாயும். சின்ன இன்ஜினிலேயே ஏறி ஓடும். பழவேற்காடு ஏரி, முட்டுக்காடு, பிச்சாவரம்போன்ற அமைதியான, ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு இதைவிட நல்லதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெள்ள மீட்பு வேலைக்கும் இதுவே ஏற்றது. தண்ணீருக்கடியில் சுற்றுச்சுவர், கல்தூண், கம்பிவேலி எங்கே இருக்கிறது என்று தெரியாத தெருவில், ஆழமாக இறங்கும் அடிதான் முதலில் போய் மோதும்.

ஆனால் கடலில் சிற்றலை எழும்பியதும் இது தன் குணத்தைக் காட்டிவிடும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே பிற்பகல் காற்றில் எழும் அலை உயரமாக வராது. குட்டையாக, நெருக்கமாக, அடுத்தடுத்து வரும். தட்டை அடி ஒவ்வோர் அலையிலும் படார் படார் என்று அறையும். தொண்டியிலிருந்து ஒருமுறை அப்படிப்பட்ட படகில் இரண்டு மணி நேரம் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. உடம்பு தேறிவிடும், ஃபைபர் தேறாது. இப்படித் தொடர்ந்து அடிவாங்கும் தட்டைப் பரப்பில் முதலில் ஜெல் கோட்டில் நட்சத்திரம்போல் கீறல் விழும், பிறகு உள்ளே இழைகள் பிரியும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வழுக்கு மரம்போல் பக்கவாட்டில் சறுக்குவதும் இந்த அடிக்குப் பிறவிக் குணம்.

தட்டை அடி கடற்கரை அலைக்கே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் சுமந்த மசூலா படகு தட்டை அடிதான். அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள்; உள்ளே வங்கு எனப்படும் குறுக்குச் சட்டமும் கிடையாது. அலை அறையும்போது படகே நெளிந்து அடியை வாங்கிக்கொண்டது. இன்றைய ஃபைபர் நெளியாது. அதனால் அந்தக் காலத்துப் படகின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் பலன் நமக்குக் கிடைக்காது.

வி அடி

அறையாமல் இருக்க வேண்டும் என்றால் அடியைச் சரிவாக்க வேண்டும். இங்கே எல்லாவற்றையும் முடிவுசெய்வது ஒரே ஓர் அளவு: பின்பலகையில் அடி எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது. முன்னால் எல்லாப் படகும் கூராகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. படகு ஏறி ஓடும்போது தண்ணீரில் கிடப்பது பின்பாதிதான்.

1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த விசைப்படகுப் பந்தயத்தில் கடல் கடுமையாக இருந்தது. அதில் முதலில் வந்தது ‘மாப்பி’ என்ற படகு. ரே ஹண்ட் வடிவமைத்த அதன் அடி முன்னிருந்து பின்வரை ஒரே ஆழமான வி. அதுவரை வேகப் படகென்றால் பின்பக்கம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பியிருந்தார்கள். ஹண்ட் சரிவைக் குறைக்காமல், அடியில் நீளவாக்கில் மெல்லிய பட்டைகளை ஒட்டினார். அவை தண்ணீரை வெளியே தள்ளி, தூக்கும் விசையைக் கொடுத்தன. இன்று கடலோரக் காவல் படகு முதல் உல்லாசப் படகு வரை உலகெங்கும் அந்த யோசனையின் வாரிசுகள் ஓடுகின்றன.

ஆழமான வி என்பது பின்பலகையில் 20 முதல் 24 டிகிரி. அலையை மெத்தையாக்கிக் கொடுக்கும், வேகத்திலும் சொன்னபடி திரும்பும். அதற்கான விலையும் உண்டு. அதே எடையுள்ள தட்டைப் படகைவிடக் கூடுதல் இன்ஜின் பலம் கேட்கும். நிற்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். தூண்டில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் மிதப்பவருக்கு இது பெரிய தொல்லை. கரையில் ஏற்றினால் ஒரு பக்கம் சாய்ந்து விழும், மணலில் இழுக்க இழுக்க நடு ஏரா தேய்ந்துகொண்டே வரும். எல்லாவற்றுக்கும் மேல், 10 எச்.பி. இன்ஜினைக் கட்டிக்கொண்டு ஆழமான வி வாங்குவது வீண். அந்த அடி ஏறி ஓடினால்தான் அதற்குச் செலவழித்த காசு பலன் தரும். ஏறவே முடியாத இன்ஜினோடு அது வெறும் ஆடும் தொட்டில்.

நம் கடலில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது நடுத்தர வி. முன்னால் கூராகத் தொடங்கி, பின்பலகையில் 12 முதல் 16 டிகிரிக்கு இறங்கும் அடி. எதிரலையை முன்பகுதி வெட்டும், நிற்கும்போது பின்பகுதி தாங்கும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, கீழக்கரைபோன்ற இடங்களில் இறங்குதுறையிலிருந்து தீவுகளுக்குப் போய்வரும் படகுக்கு, 40 எச்.பி.யும் அதற்கு மேலும் மாட்ட முடியுமென்றால், இதுதான் என் தேர்வு. மரைன் பிளைவுட்டில் படகு செய்தவர்களும் இயல்பாகவே இந்த வகைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பிளைவுட் ஒரு திசையில்தான் வளையும், உருண்டையாக்க முடியாது; எனவே விளிம்பு வைத்த சரிவு அடி. 1980களில் குமரி மாவட்டத்தின் முட்டத்தில் அப்படித்தான் மரத்துக்குப் பதில் பிளைவுட் வந்தது.

கரை கேட்கும் வடிவம்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள சோழமண்டலக் கரையில் துறைமுகமில்லாத ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. படகு தினமும் இரண்டுமுறை அலையைத் தாண்ட வேண்டும். இறங்கும்போது எதிர் அலை, அதை அணியம் பார்த்துக்கொள்ளும். ஆபத்து திரும்பி வரும்போதுதான் வருகிறது. அலை பின்னாலிருந்து வந்து பின்பகுதியைத் தூக்கும். அந்த நொடியில் மூக்கு கீழே குத்தும். மூக்கு கத்திபோல் கூராகவும் ஆழமாகவும் இருந்தால் அது தண்ணீரைக் கவ்விக்கொண்டு திருப்புமுனையாகிவிடும். தூக்கப்பட்ட பின்பகுதி அதைச் சுற்றிப் பக்கவாட்டில் வீசப்படும், படகு அலைக்குக் குறுக்கே விழும். அடுத்த அலை கவிழ்க்கும். சுக்கானையோ இன்ஜினையோ திருப்பிப் பயனில்லை. அந்த நேரத்தில் புரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் மணற்கரைக்கு வாங்குகிறவர் எதிரலையை வெட்டும் கூர்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அணியத்தின் கீழ்ப்பகுதி லேசாக மேல்நோக்கி வளைந்து, நிறைந்த மார்போடு இருக்க வேண்டும், குத்தாமல் மிதக்கும். பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் கரை தலையிடும். இரண்டு முனையும் கூராக உள்ள படகில், பின்னால் வரும் அலை பிளந்து இரு பக்கமும் போய்விடும். அகலமான பின்பலகை உள்ள படகில் அலை பலகையில் மோதி உள்ளே குதிக்கும். அவுட்போர்டு இன்ஜினைத் தொங்கவிடப் பலகை வேண்டும் என்பதால் இன்று பலரும் இரண்டுக்கும் நடுவே, குறுகலான பின்பலகை வைத்து வாங்குகிறார்கள். நீளத்தண்டு டீசல் இன்ஜின் மாட்டுகிறவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. அலை வரும்போது தண்டைத் தூக்கிக்கொள்ளலாம் என்பதே அந்த இன்ஜினின் பெரிய அருமை.

இதே சிக்கலைத் தீர்க்கத்தான் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. படகு வடிவமைப்பாளர் ஒய்விண்ட் குல்பிராண்ட்சன் அதில் வேலை செய்தார். கரை தட்டும்போது புரொப்பெல்லரோடு சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் இன்ஜின் அமைப்பு அந்தத் திட்டத்தில் உருவானது. வடிவத்தை முதலில் கரையிடம் கேட்டு, பிறகு இன்ஜினிடம் வந்த வேலை அது. அந்த வரிசையைத்தான் நானும் வலியுறுத்துகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் அவசரமாக வந்து இறங்கின, கட்டுமரங்கள் பல ஊர்களில் ஏறக்குறைய மறைந்தே போயின. கட்டுமரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரையலைக்கு அதைவிடப் பொருத்தமான மிதவையை எந்தப் பட்டறையும் இன்னும் செய்யவில்லை. அதற்கு உள்ளே என்று ஓர் இடமே இல்லை, எனவே தண்ணீர் நிறைய வழியில்லை. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். ஃபைபர் படகு வாங்குகிறவர் அதிலிருந்து ஒன்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்: படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் ஆட்களோடும் இன்ஜினோடும் மிதக்கும் அளவுக்கு மூடிய அறைகளில் நுரை நிரப்பியிருக்க வேண்டும். இல்லாத படகை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இரட்டை உடலும் மற்றவையும்

கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் இன்று உலகெங்கும் இரட்டை உடல் படகைக் குறிக்கிறது. நம் கட்டுமரம் இரட்டை உடல் கிடையாது என்பது வேறு விஷயம். இரண்டு ஒல்லி உடல்களை மேலே தளம்போட்டு இணைத்த படகு நிற்கும்போது பாறைபோல் நிற்கும், தளம் விசாலமாக இருக்கும். பயணிகளை ஏற்றுவதற்கும், முங்கு நீச்சல்காரர்கள் உடை மாற்றி இறங்கி ஏறுவதற்கும் அருமையானது. சுமை கூடினால் மட்டும் தளத்தின் அடிப்பக்கம் அலைக்கு அருகே வந்துவிடும். அப்போது விழும் அடி தட்டை அடியைவிட மோசம். வாங்கும்போது முழுச் சுமையோடு தளத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். அகலம் அதிகமாதலால் மணற்கரையில் ஏற்றுவதும் லாரியில் கொண்டுபோவதும் பெரும்பாடு.

மும்முக அடி, அதாவது நடுவில் ஒரு வியும் இரு பக்கமும் இரண்டு சிறு மூக்குகளும் கொண்டது, 1958இல் அமெரிக்காவில் வந்த 13 அடி பாஸ்டன் வேலர் படகால் புகழ்பெற்றது. உள்ளே முழுக்க நுரை நிரப்பிய அந்தப் படகை அறுத்தாலும் மிதக்கிறது என்று காட்டிய படம் 1961இல் லைஃப் இதழில் வந்தது. சின்னப் படகில் நான்கு பேர் ஒரே மூலையில் நின்றாலும் கவிழாது. அலையில் ஈரமாக்கும், கொஞ்சம் அறையும். ஏரி, காயல், துறைமுக வேலைக்கு நல்லது. காற்றடைத்த குழாய் சுற்றிய மீட்புப் படகுகள் வெயிலில் வெளியே கிடந்தால் சீக்கிரம் பாழாகும் என்பதால் தனியாருக்கு நான் சொல்வதில்லை.

பட்டறையில் பார்க்க வேண்டியது

ஒரு ரசமட்டம், 6 அடி அலுமினிய மட்டப்பலகை, அளவுநாடா. இந்த மூன்றும் கையில் இருந்தால் பட்டறைக்காரர் சொல்வதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

முதலில் சரிவு. படகு நேராக நிற்கும்போது, பின்பலகைக்கு அடியில் ரசமட்டத்தின் ஒரு முனையை ஏராவில் ஒட்டிவைத்து, பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஏராவிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, மட்டத்துக்கும் அடிக்கும் நடுவே இடைவெளியை அளங்கள். 9 சென்டிமீட்டர் என்றால் 10 டிகிரி. 13 அல்லது 13.5 என்றால் 15 டிகிரி. 18 என்றால் 20 டிகிரி. இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரு பக்கமும் ஒத்துப்போகாத படகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

அடுத்து மட்டப்பலகை. பின்பலகையிலிருந்து முன்னோக்கி, அடியில் நீளவாக்கில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஏறி ஓடும் படகின் கடைசி ஐந்தாறு அடி நேர்கோடாக இருக்க வேண்டும். நான் ஒரு பட்டறையில் வாங்கிய 19 அடிப் படகு வேகமெடுத்ததும் குதிரைபோல் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இன்ஜினைக் குறை சொன்னோம், சாய்வை மாற்றினோம், ஆட்களை முன்னால் உட்கார வைத்தோம். மூன்று மாதம் கழித்துப் படகைக் கவிழ்த்து மட்டப்பலகையை வைத்தபோதுதான் தெரிந்தது, அடி பின்பக்கத்தில் தொந்திபோல் ஒரு விரற்கடை வெளியே பிதுங்கியிருந்தது. காயும் முன்பே மோல்டிலிருந்து உரித்து, சரியான தாங்கல் இல்லாமல் கிடத்தியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கினால் இப்படித் துள்ளும். உட்குழிந்திருந்தால் பின்பக்கம் தூக்கி மூக்கு அமுங்கும், பின்னலையில் குத்தும். கரையலைக்காரருக்கு இதுதான் அதிக ஆபத்து.

அணியத்தின் கீழ்ப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். கத்திபோல் இருந்தால் எந்தக் கரைக்கு வாங்குகிறீர்கள் என்பதை இன்னொருமுறை யோசியுங்கள். ஏராவில் மணலில் தேய்வதற்கென்று கூடுதல் ஃபைபரோ உலோகப்பட்டையோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. அதே மோல்டிலிருந்து ஏற்கெனவே கடலில் ஓடும் படகு எந்த ஊரில் இருக்கிறது என்று பட்டறையில் விசாரித்து அங்கே போங்கள். காலையில் கடல் கண்ணாடிபோல் இருக்கும்போது எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும். பிற்பகல் மூன்று மணிக்கு, கடல்காற்று ஏறியபின் கேளுங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றப்போகும் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொள்ளுங்கள். எதிரலையில் ஒரு கடல்மைல், அலையை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு கடல்மைல், பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு அலைக்குக் குறுக்கே கால்மணி நேரம் சும்மா மிதந்து பாருங்கள். இரண்டு பேரை ஒரே பக்கம் நின்று எதையாவது இழுக்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் அந்தப் படகை மணலில் ஏற்ற எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்பணத்தைப் பற்றிப் பட்டறைக்காரரோடு அன்று மாலை பேசலாம்.